தெருவைப் பார்த்து வைத்த கூண்டு

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் நான் கட்டிய கூண்டிலிருந்து ஒரு நாய்கூடத் தப்பித்துப் போனதில்லை.

இது பொய். நான் தனியாகக் கட்டிய முதல் கூண்டின் நாய், நான் சாமான்களைச் சைக்கிளில் ஏற்றி முடிப்பதற்குள் பின்னால் வந்து நின்று என் லுங்கியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்துவிட்டேன். நாய் உடம்பால் ஒரு தள்ளு தள்ளியது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏழுமலை, உங்க ரெண்டு பேர்ல யாரு உள்ள இருக்கணும்னு இதைக் கட்டின?" என்று கேட்டார்.

இப்போது எதற்கு இந்தப் பழைய கதை என்றால், என் தங்கை மகன் நடத்துகிற வெல்டிங் பட்டறையில் நாய்க்கூண்டு ரெடிமேடாக விற்கிறார்கள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு. லாரியில் வந்து இறங்கும், ஆளுக்கொன்று எடுத்துப் போவார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் ஒருநாள் என்னை மடக்கினார்கள். "இன்னா பெருசு, அந்தக் காலத்துல நாயை டேப்பு வெச்சி அளப்பியாமே? துணி தெச்சியா, கூண்டு கட்டுனியா?" என்று ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். பதில் சொல்ல ஆரம்பித்தால் ஒரு டீக்குள் முடியாது என்று தெரியும்.

எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அதுவும் மழையில் நனைந்த மரவட்டை மாதிரி இருக்கும். பட்டறையில் பில் போடுகிற சரளாதான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நான் "இன்னா" என்றால் "என்ன" என்று எழுதிவிடுகிறாள். அவள் கைக்குப் போனதும் நான் படித்தவன் ஆகிவிடுகிறேன். ஆனால் கதையில் ஆட்கள் பேசியதை மட்டும் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். செத்துப்போனவர்கள் வாயில் புதுப் பேச்சை வைக்கக்கூடாது.

என்னை வேலைக்கு எடுத்தவர் கோதண்டம் மேஸ்திரி. அதற்கு முன்னால் மீஞ்சூர்ப் பக்கம் செங்கல் சூளையில் இருந்தேன், மாட்டு வண்டி ஓட்டினேன், எதிலும் தேறவில்லை. மேஸ்திரி என்னைப் பார்த்தது ஒரு டீக்கடையில். நான் கடைக்காரர் மாதிரியும் அவர் பெண்டாட்டி மாதிரியும் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "உன் மூஞ்சியை நாய் பார்த்தா கொஞ்ச நேரம் குழம்பி நிக்கும். என்கூட வரியா?" என்றார். அதுதான் என் இன்டர்வியூ.

அப்போதுதான் கும்மிடிப்பூண்டியில் வேர்க்கடலை போட்டிருந்த நிலத்திலெல்லாம் பாக்டரிகள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்களுக்கு வேலை கம்பி வேலியும் கேட்டும். அந்த பாக்டரிகளுக்கு வந்த ஆபீசர்கள் கூடவே நாய்களையும் கொண்டுவந்தார்கள். அந்த நாய்களுக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை, இந்த ஊர் நாய்களுக்கு அவற்றைப் பிடிக்கவில்லை. அதனால் கூண்டு வேலையும் வந்தது.

மேஸ்திரி கூண்டு கட்டுவதற்கு முன்னால் நாயை அளப்பார். மூக்கிலிருந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் ஒரு அளவு. பின்னங்காலில் நிற்கவைத்து, முன்னங்கால் எட்டுகிற உயரம் ஒரு அளவு. நாய் உள்ளே நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும், ஆனால் மேலே எட்டிப் பிடித்து ஏறக்கூடாது. நான் முன்னால் நின்று முகத்தைக் கோணல்மாணல் ஆக்கி நாயை மயக்குவேன். அவர் பின்னால் டேப்பைப் பிடிப்பார். அப்ரண்டீஸ் வேலையிலேயே கேவலமானது எனக்குத்தான் கிடைத்தது.

அப்புறம் பள்ளம். சுற்றிலும் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, கம்பி வலையை மண்ணுக்குள் இறக்கி, அடியில் உள்பக்கமாக மடக்கி, அதன்மேல் கல்லைப் போட்டு மூடுவோம். நாய் எங்கே தோண்டினாலும் நகம் கம்பியில் மாட்டும், விட்டுவிடும். தரை ஒரு மூலைக்குச் சரிவாக இருக்கும், மூத்திரம் நிற்காமல் ஓடிவிடும். படுக்கத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிய பலகை. கூரைக்கு ஷீட் போட்டால் அதன்மேல் பனை ஓலை கட்டாயம், இல்லாவிட்டால் சித்திரையில் நாய் வெந்துவிடும். கதவு உள்பக்கம் திறக்க வேண்டும். தாழ்ப்பாளை நாய் மூக்கால் தூக்கிவிடும், அதனால் மேலே ஒரு ஊசிக்கம்பி சொருக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம் வைத்திருந்தார். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் கம்பி. அந்தக் கம்பிப் பக்கம் வீட்டைத்தான் பார்க்க வேண்டும், தெருவைப் பார்க்கக்கூடாது. "தெருவுல போறவன் சும்மா போவ மாட்டான்டா. கல்லை வுடுவான், ஊளை வுடுவான், எதுனா தூக்கிப் போடுவான். நாயிக்குப் பேஜாராப் பூடும்" என்பார்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு கம்பத்தையும் கையால் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குவார். "ஆடுது" என்பார். திட்டமாட்டார், வேறு வார்த்தை சொல்லமாட்டார். எனக்கு அது மலை மாதிரி நிற்கும், அவருக்கு ஆடும். மறுபடி தோண்டி, ஜல்லி இடித்து, மறுபடி நடுவேன். மறுபடி உலுக்குவார். சும்மா இருந்தால் சரி என்று அர்த்தம். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வாங்க நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒருமுறை கம்பத்துக்குப் பொட்டு வைத்து மாலைகூடப் போட்டேன். மாலையை எடுத்து நாய்க்குப் போட்டுவிட்டு, கம்பத்தை உலுக்கி, "ஆடுது" என்றார்.

வரதன் சாரின் வேலை வந்தது அந்தச் சமயத்தில்தான்.

வரதன் சார் திருவள்ளூர்க்காரர். கோயில் கைங்கரியம் செய்கிற வீட்டுப் பிள்ளை. ரோலிங் மில்லில் கணக்கு ஆபீஸில் இருந்தார், கும்மிடிப்பூண்டியிலேயே தனியாக வீடு எடுத்திருந்தார். மில்லின் மானேஜர் பம்பாய்க்கு மாற்றலாகிப் போனபோது தன் அல்சேஷன் நாயை இவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். பெயர் சீசர். வரதன் சார் வீட்டில் முட்டை வாசனைகூடக் கிடையாது. அந்தப் பெரிய உடம்பு, அந்தப் பெரிய பல், அத்தனையும் வைத்துக்கொண்டு சீசர் மூன்று வேளையும் தயிர்சாதம் சாப்பிட்டது. ஊறுகாய் கேட்காதது ஒன்றுதான் பாக்கி.

அதற்கு முந்தின வாரம் வாய்க்கால் ஓரத்தில் ஒரு தெருநாயோடு சண்டை போட்டு, காதில் காயத்தோடு வந்திருந்தது சீசர். அந்தத் தெருநாய் அப்புறம் கண்ணில் படவில்லை. வரதன் சார் பயந்துபோய்த்தான் கூண்டுக்கு எங்களைக் கூப்பிட்டார்.

நான் வழக்கம் போல முன்னால் நின்று முகத்தைக் கோணினேன். சீசர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. வரதன் சார் பிஸ்கட்டை உயரத் தூக்க, அது பின்னங்காலில் எழுந்து நின்றது. மேஸ்திரி டேப்பை மேலே நீட்டினார். சரியாக அப்போது மில்லில் ஷிப்ட் சங்கு ஊதியது. நாய் துள்ளித் திரும்பியது. மேஸ்திரியின் முன்கையில் பல் இறங்கிவிட்டது. ஒரே ஒரு கடி. கடித்துவிட்டு அதுவே பயந்து, வாசலில் கிடந்த பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. "வெறிநாய்ப்பா அது! வாய்க்காலாண்ட கடி வாங்கினு வந்த நாயி!" என்று ஒருத்தர். "கொயந்தைங்க போற வழி, அடிச்சிப் போடுங்கடா!" என்று இன்னொருத்தர். கையில் கட்டையோடு நாலைந்து பேர் கேட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். வரதன் சார் நாய்க்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

மேஸ்திரி ரத்தக் கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு சொன்னார். "யாரும் அடிக்கக்கூடாது. கடி வாங்கினவன் நான். முதல்ல டாக்டரைப் பார்த்துட்டு வரேன். அதுவரைக்கும் இந்த நாயி என்னுது."

பொன்னேரியில் ஒரு டாக்டர் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு விஷயத்தைச் சொன்னார். நாய்க்குத் தடுப்பூசி போட்டதா என்று யாருக்கும் தெரியாது. அதனால் பத்து நாள் பார்க்க வேண்டும். பத்து நாளும் அது உயிரோடு, நன்றாக இருந்தால் அதற்கு வெறி இல்லை, மேஸ்திரிக்கு ஊசி வேண்டாம். நடுவில் செத்தாலோ ஓடிப்போனாலோ தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி.

"அப்ப அந்த நாயி நல்லா இருந்தா நானும் நல்லா இருப்பேன்" என்றார் மேஸ்திரி.

"ஆமாம்."

"நல்லா இல்லேன்னா?"

டாக்டர் கையைக் கழுவப் போய்விட்டார்.

அன்றைக்கே கூண்டைக் கட்ட ஆரம்பித்தோம். என் கை, அவர் வாய். நாய் வெளியே வரக்கூடாது, தெரு உள்ளே போகக்கூடாது. அப்படி ஒரு கூண்டு நாங்கள் அதற்கு முன்னால் கட்டியதில்லை. கதவுக்கு உள்ளே இன்னொரு கதவு வைத்தோம். வலையை வழக்கத்தைவிட ஆழமாக இறக்கினோம். மூன்று பக்கச் சுவருக்குக் கயிறு கட்டும்போது நான் பழக்கத்தில் கம்பிப் பக்கத்தை வீட்டைப் பார்க்கக் குறித்தேன்.

"அப்படி இல்ல. தெருவைப் பார்த்து வையி" என்றார்.

நான் விளையாட்டு என்று நினைத்தேன். "இன்னா நைனா, நாயி உன்னைக் கடிச்சதா, உன் சட்டத்தைக் கடிச்சதா?"

அவர் சிரிக்கவில்லை. கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார். "காலையில வேலைக்குப் போறப்ப இந்த வழியாத்தான் போறேன். ரோட்டுல இருந்தே பார்த்துக்கினு போயிடுவேன். தினம் அந்த மனுசன் ஊட்டுக் கதவைத் தட்டி, 'உங்க நாயி இன்னும் சாவலையே'ன்னு கேக்கச் சொல்றியா?"

வரதன் சாரும் அதையே சொன்னார். "தெருவுல இருக்கறவாளும் பார்த்துண்டு போகட்டும் மேஸ்திரி. பூட்டி வெச்சிருக்கோம்னு தெரிஞ்சா அவாளுக்கும் பயம் போயிடும்."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கூண்டு தெருவைப் பார்த்து நின்றது. மேஸ்திரி நல்ல கையால் கம்பங்களை உலுக்கினார். ஒன்று ஆடியது. மறுபடி நட்டேன்.

அடுத்த நாளிலிருந்து நான் அவர் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வருவேன். கூண்டுக்கு நேராக வந்ததும் ஒரு காலை ஊன்றி, பெல்லை அடிப்பார். சீசர் பலகையிலிருந்து எழுந்து, உடம்பை முறித்து, கம்பிக்கிட்டே வந்து வாலை ஆட்டும். "சரி" என்று மேஸ்திரி மிதிக்க ஆரம்பிப்பார். டீக்கடையில் இதை நான் ஒரு நாடகமாகவே போட்டேன். ஒரு ஆள் நாய், ஒரு ஆள் சைக்கிள். அப்புறம் கடைக்காரரே கேட்க ஆரம்பித்துவிட்டார்: "மேஸ்திரி, இன்னிக்கு வாலு ஆட்சா?"

"ஆட்சு, ஆட்சு. ஸ்ட்ராங்கா ஒரு டீ போடு."

கடையில் மட்டும்தான் இந்தச் சிரிப்பு. அவர் மனைவி ராஜம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ராத்திரில எழுந்து எழுந்து தண்ணி குடிச்சிப் பார்க்கறாருடா, ஏழுமலை. தண்ணியைப் பார்த்தா பயம் வருதான்னு" என்றாள்.

போகப்போக அவருக்கு நாய்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. பெல்லுக்கு அது ஓடிவரும்போது, "வாடா என் ஆயுசு" என்பார். கடித்த நாயை அப்படிக் கூப்பிட்ட ஆளை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. கெடு முடியட்டும், கம்பிப் பக்கத்தைச் சுவராக்கி, வீட்டுப் பக்கம் திறந்து விடலாம் என்று என்னிடம் சொல்லிவைத்தார். அதற்குச் செங்கல்கூடப் பார்த்துவிட்டோம்.

கெடு முடிய ஒரு நாள்தான் பாக்கி. காலையில் வந்து பெல் அடித்தார். சீசர் வரவில்லை. மறுபடி அடித்தார். "தூங்குதுபோல" என்றேன். அவர் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். சைக்கிளோடு நானும் விழுந்தேன்.

நாய் கம்பி ஓரத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தது. வாயில் நுரை. பக்கத்தில் ஒரு எலும்பு, மீந்த கறித்துண்டு. பூச்சி மருந்து வாடை அடித்தது. யாரோ ரோட்டிலிருந்து கம்பி வழியாகப் போட்டிருக்கிறார்கள். பிறந்தது வேறு எங்கேயோ இருக்கலாம், இந்த வீட்டுக்கு வந்த பிறகு தயிர்சாதம் தவிர வேறு பார்க்காத வாய். கறியைப் பார்த்ததும் எப்படிச் சாப்பிட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வரதன் சார் ஓடிவந்தார். எலும்பைத்தான் முதலில் பார்த்தார். "எங்காத்துல முட்டைகூட வாசல் தாண்டினதில்லையே மேஸ்திரி, யாரு போட்டா இதை?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். யார் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. குழந்தை வைத்திருக்கிற யாராவது இருக்கலாம். அன்றைக்கு மேஸ்திரியை "எப்படிக் கீற?" என்று கேட்டுவிட்டுப் போன அத்தனை பேர் முகத்தையும் பார்த்தேன். எல்லாம் நல்ல முகமாகத்தான் இருந்தது.

மேஸ்திரி நாய்க்கு முன்னால் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, மூலைக் கம்பத்தைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார்.

"ஆடல" என்றார்.

இத்தனை வருஷம் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. அன்றைக்கா கேட்டிருக்க வேண்டும்?

டாக்டர் தலையை ஆட்டினார். மருந்தால் வந்த நுரையா, வெறியால் வந்த நுரையா என்று இனிமேல் சொல்ல முடியாது, ஒரு நாளும் தள்ளிப்போட முடியாது என்றார். ஊசி ஆரம்பமானது. தினம் ரயிலேறிப் பொன்னேரிக்குப் போவோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்து வருவார். "மேஸ்திரி, தரையில எதுனா காசு தேடறியா?" என்று கேட்பேன். "உன் மூளையைத் தேடறேன்டா" என்பார். அப்படியே சிரித்துக்கொண்டே ஊசி முடியப்போகிறது என்று நினைத்தோம்.

கடைசி ஊசிகள் இருக்கும்போதே காலில் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறது என்றார். ஒரு காலையில் பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே கல் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் காலத்து ஊசி எங்கேயோ யாரோ ஒருத்தருக்கு அப்படிச் செய்துவிடும் என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யாரோ ஒருத்தர் என்றால் அது நம் ஆளாகவா இருக்க வேண்டும் என்று ராஜம்மா கேட்டாள்.

நாய்க்கு வெறி இருந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். முந்தின நாள்கூட வாலை ஆட்டியதே.

வெகுநாள் கழித்து அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தோம். கால் திரும்பி வரவே இல்லை. ஆனால் அது எங்களுக்கு அப்போது தெரியாது. பிடித்து நடந்து பழகினால் வரலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வாரம் வரதன் சார் கூண்டைப் பிரித்து, கம்பமாக நின்ற பைப்புகளைக் கைவண்டியில் போட்டுக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்கு அவரே தள்ளிக்கொண்டு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, "இதை என்ன பண்றதுன்னு தெரியல ஏழுமலை, எனக்கு இதைப் பார்க்க முடியல" என்றார்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்தது. முற்றத்தில் இரண்டு வரிசையாகக் கம்பம் நட்டு, மேலே பைப்பை நீளவாக்கில் போட்டால், இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கலாம். அதற்கு அளவு வேண்டும். நானும் ராஜம்மாவும் அவரை அக்குளில் பிடித்துத் தூக்கி நிறுத்தினோம். ராஜம்மா தாங்கிக்கொள்ள, நான் டேப்பை எடுத்தேன். அவர் டேப்புதான். இடுப்பு உயரம் ஒன்று, கை எட்டுகிற தூரம் ஒன்று.

"இன்னாடா, என்னை நிக்க வெச்சி அளக்கற? கடிச்சிடப் போறேன்" என்றார்.

"கடி நைனா. சங்கு ஊதறதுக்குள்ள கடிச்சிடு."

"எனக்கும் கூண்டா?"

"இது ஊட்டைப் பார்த்துதான் வெக்கிறேன்" என்றேன். அவர் சிரித்தார். ராஜம்மாவும் சிரித்தாள். பிறகு அவரை உட்கார வைத்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள், கொஞ்ச நேரம் வரவில்லை.

அந்தக் கம்பங்களை நட்ட மாதிரி நான் எதையும் நட்டதில்லை. முழங்கால் ஆழம், ஜல்லி, சிமெண்ட், மூன்று நாள் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டேன். யானையைக் கட்டினாலும் நிற்கும். அப்புறம் அவரைத் தூக்கி நடுவில் நிறுத்தி, கையைப் பைப்பின்மேல் வைத்தோம். இறுகப் பிடித்துக்கொண்டார். உடம்பு முழுக்க வேர்த்தது. நடப்பதற்கு முன்னால் பழக்கம் விடுமா, மூலைக் கம்பத்தைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார்.

"ஆடுது" என்றார்.

ஆடியது கம்பம் இல்லை. எனக்குத் தெரிந்தது, ராஜம்மாவுக்கும் தெரிந்தது. நான் கடப்பாரையை எடுத்துவந்து, ஆடாத அந்தக் கம்பத்தைச் சுற்றி மறுபடி தோண்ட ஆரம்பித்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "அப்படித்தான், இன்னும் ஆழமா" என்று சொல்லிக்கொண்டே...

"பெருசு! இன்னா இங்க குந்திக்கினு கதை வுட்டுக்கினு கீற? திருநின்றவூர்ல இருந்து ஒரு ஆளு கார்ல நாயைக் கூட்டிக்கினு வந்துகீறாரு. மூணு சைஸும் பத்தலையாம். கன்னுக்குட்டி மாதிரி கீதுப்பா, நாங்க எவனும் கிட்ட போவ மாட்டோம். நீ வந்து அள!"

சரளா, எழுதுவதை நிறுத்தும்மா. அந்த ஆணியில் டேப்பு மாட்டியிருக்கும் பார், எடு. புதுசு வேண்டாம், பழசு. அப்படியே அவர்களிடம் சொல், நான் அளந்து முடிக்கிறவரைக்கும் ஒருத்தரும் ஹாரன் அடிக்கக்கூடாது.